கணக்கைக் கேட்கும் கூட்டம்

1933ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு பகிரங்க விண்ணப்பம் வெளியானது. எழுதியவர் அச்சுவேலியைச் சேர்ந்த க. மு. செல்லப்பா, நீதிமன்றத்தில் சக்கிடுத்தாராக (செயலாளராக) இருந்தவர். தன்னிடமிருந்த புத்தகங்களை அயலவருக்கு வாசிக்கக் கொடுத்துவந்தவர். யாழ்ப்பாணத்துக்கு இலவசப் பொது நூலகம் ஒன்று வேண்டும், அதற்கு ஆளுக்குக் கொஞ்சம் தாருங்கள் என்பதுதான் அவர் கேட்டது. சிலர் காசு கொடுத்தார்கள், சிலர் புத்தகம் கொடுத்தார்கள், சிலர் குழுவில் இருந்து வேலை செய்தார்கள். 1934 ஆகஸ்ட் 1ஆம் திகதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன அறையில், 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தது. பின்னாளில் பெரிய கட்டடம் எழுப்பக் களியாட்ட விழா வைத்தார்கள், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றார்கள். 1959இல் அந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே மாத முடிவில் தொடங்கிய வன்முறையில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டபோது, ஊர் கூடிச் சேர்த்த அரை நூற்றாண்டு உழைப்பு எரிந்தது.

பலரிடமிருந்து சிறுகச் சேர்த்து ஒரு முயற்சியைத் தொடங்கும் இந்த முறைக்கு 2006இல் ‘கிரவுட்ஃபண்டிங்’, அதாவது கூட்டுநிதி, என்ற புதுப்பெயர் வந்தது. கூட்டுநிதித் தளங்களான கிக்ஸ்டார்ட்டர் 2009இலும் கோபண்ட்மி 2010இலும் வந்தன. இன்று சிறுதொழில் தொடங்கும் இளையவர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிப் பட்டறைகளில் இது மேல்நாட்டிலிருந்து இறங்கிய வித்தையாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது பழக்கப்பட்ட வேலை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, கிழமைக்கு ஒருமுறை வருகிறவரிடம் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் தாங்கியது. மூளாயில் 1930களில் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையே எழுந்தது. மலாயாவில் புகையிரதத்திலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய காசு எத்தனையோ பள்ளிக்கூடங்களின் சுவராக நிற்கிறது.

இவையெல்லாம் நடந்ததற்கு எங்கள் மக்கள் தாராள மனம் படைத்தவர்கள் என்று காரணம் சொல்வது வழக்கம். அது பாதிதான். மீதிப் பாதி கணக்கு. காசு வாங்கியவர் மறுநாள் காலையில் அதே ஒழுங்கையால்தான் சைக்கிளில் போகவேண்டும். சந்தையில், செத்தவீட்டில், திருவிழாவில் காசு கொடுத்தவரின் முகத்தில் முழிக்கவேண்டும். வரவுசெலவைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கவேண்டும். ஒரு ரூபா இடித்தாலும் பின்வாங்கில் இருந்து ஒருவர் எழும்பிக் கேட்பார். கூட்டம் காசும் கொடுத்தது, கேள்வியும் கேட்டது. அந்தக் கேள்விதான் அடுத்த முறையும் காசு வரும்படி செய்தது.

அந்தப் பழைய கூட்டத்தைப் பொற்காலமாக்கவும் கூடாது. ஊர் என்ற சொல்லுக்குள் ஊரில் இருந்த எல்லோரும் அடங்கியதில்லை. பிடியரிசி கொடுத்த கைகள் சில அந்த அரிசி பொங்கிய கோயிலுக்குள் போக முடியாமல் வெளியே நின்றன. மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. தேநீர்க்கடையில் சமமாக இருந்து குடிப்பதற்கும் போராடவேண்டியிருந்தது. சமைத்த சாமானை யார் கையால் வாங்குவது என்ற கேள்வி எங்கள் சந்தையில் நெடுங்காலம் சாதிக் கேள்வியாகவே இருந்தது. ஆகவே இன்றைக்கு ஒரு கைபேசி இந்தச் சந்தையில் என்ன செய்கிறது என்று பார்க்கும்போது, அது உடைத்த கதவையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

வடமராட்சியில் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். ஒடியல் மா, புழுக்கொடியல், மிளகாய்த்தூள் செய்து விற்கிறார். கணவர் இல்லை. ஆவணியில் பனங்கொட்டை பொறுக்கிப் பாத்தி போடவேண்டும். மாரி மழையில் அது முளைத்து, மார்கழியிலும் தையிலும் கிழங்கு கிண்டவேண்டும். கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். வெயில் ஏறும்போது பாயை முற்றத்துக்கு இழுத்து, மேகம் கறுத்தால் திண்ணைக்கு இழுத்து, நாள் முழுக்க அதுதான் வேலை. முன்பு இதை நெல்லியடிச் சந்தைக்குக் கொண்டுபோய் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார். இப்போது மகள் பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து கொடுத்திருக்கிறாள். வட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது.

“அக்கா, ஒடியல் மா கிலோ என்ன விலை? கனடாவுக்கு அனுப்புவியளோ?”

“அனுப்பலாம் தம்பி. ஆனா மாவின்ர காசைவிட அனுப்புற காசு கூட வரும். ஆரும் வந்து போறாக்கள் இருந்தாச் சொல்லுங்கோ, குடுத்துவிடுறன்.”

இந்த இரண்டு வரிக்குள் குடாநாட்டுச் சிறுதொழிலின் நிலைமை முழுவதும் இருக்கிறது. நடுவில் நின்ற வியாபாரியைத் தாண்டி, செய்தவரும் சாப்பிடுபவரும் நேரே பேசுகிறார்கள். இது சின்ன விசயமில்லை. விலையைத் தானே சொல்லும் உரிமை அந்த அம்மாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. யார் வீட்டுச் சாமான் என்று கேளாமல், சுவையைக் கேட்டு வாங்குகிற ஆட்கள் அவருக்குக் கிடைத்திருக்கிறார்கள். ஆனால் சாமான் போய்ச் சேர இன்னும் ஒரு சொந்தக்காரரின் பயணப்பெட்டி வேண்டும். காசு வந்து சேர இன்னும் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு வேண்டும். பேபால் வழியாக இலங்கையிலிருந்து காசு கட்ட முடியும், வாங்க முடியாது என்ற நிலை பல ஆண்டுகளாக நீடித்தது. வெளிநாட்டுக் கூட்டுநிதித் தளங்கள் பலவற்றில் இலங்கை முகவரியோடு ஒருவர் தன் பெயரில் நிதி திரட்ட வழியில்லை. விருப்பம் தெரிவிப்பதற்கு ஒரு விரல் போதும். ஒரு கிலோ மா கடல் தாண்டப் பத்துப் பேர் வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் வேறொரு தொழில் முளைத்தது.

யூடியூப்பிலும் டிக்டொக்கிலும் ‘உதவி’ என்று தேடினால் போதும். கமரா ஒரு ஓலைக் குடிசைக்குள் நுழைகிறது. அடுப்பு, கிழிந்த பாய், பள்ளிக்கூடச் சீருடை இல்லாத பிள்ளை. பேசுகிறவர் வீட்டுக்காரியிடம் புருசன் எங்கே, பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை கடன் என்று கேட்கிறார். அழுதால் கமரா கிட்டப் போகிறது. பிறகு அரிசி மூட்டையோ தையல் இயந்திரமோ கோழிக்கூடோ கொடுக்கப்படுகிறது; ‘சுயதொழில் முயற்சிக்கு உதவி’ என்று தலைப்பு. கொடுத்த காசு லண்டனிலோ பாரிஸிலோ இரவு வேலை செய்கிற ஒருவருடையது. அவர் உண்மையான மனத்தோடு கொடுத்தார். இந்தக் காணொளிகளால் வீடு கிடைத்தவர்களும் சத்திரசிகிச்சைக்குக் காசு கிடைத்தவர்களும் இருக்கிறார்கள்; அதை மறுப்பது அநியாயம். போருக்குப் பிறகு அரசு செய்யாமல் விட்டதை, நிறுவனங்கள் திட்டம் முடிந்ததும் கைவிட்டதை, இவர்களில் சிலர் செய்திருக்கிறார்கள்.

ஆனால் பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனிக்கவேண்டும். பழைய கூட்டத்தின் கண் காசை வாங்கிக் கையாண்டவர் மீது இருந்தது. இன்றைய கமராவின் கண் காசு தேவைப்பட்டவரின் முகத்தில் இருக்கிறது. கணக்குக் கேட்கப்படவேண்டியவர் கமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எந்தக் கணக்கும் சொல்லத் தேவையில்லாதவரை விசாரிக்கிறார். திரட்டிய தொகை எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, காணொளி ஈட்டியது எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் பெரும்பாலும் பதில் இல்லை. 2025இல் இப்படியான ஒரு காணொளியில் ஒரு பெண்பிள்ளை நடத்தப்பட்ட விதம் பொலிஸ், நீதிமன்றம் வரைக்கும் போனது. அன்றைக்கு எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் ஒரு ஆளைப் பிடித்துத் திட்டிவிட்டு அடுத்த காணொளிக்குப் போனவர்களும் நாங்கள்தான்.

தொழில் தொடங்குகிறவருக்கு இதனால் வரும் கேடு இன்னும் ஆழமானது. தன் துயரத்தைக் காட்டித் தொடங்கிய தொழிலில் வாடிக்கையாளர் உருவாவதில்லை. இரங்கி வாங்குகிறவர் ஒருமுறை வாங்குவார். மா புளித்திருந்தால் சொல்லமாட்டார், பாவம் என்று விட்டுவிடுவார். மறுமுறை வாங்கவும் மாட்டார். குறை சொல்லாத வாடிக்கையாளரைப்போல ஒரு சிறு தொழிலைக் கொல்வது வேறொன்றில்லை. கையில் தையல் இயந்திரம் இருக்கும், சட்டை தைக்கக் கேட்டு வருகிறவர் இருக்கமாட்டார். ஆறு மாதத்தில் அந்த இயந்திரம் விற்கப்படும். அதைக் காட்டும் காணொளி வராது.

நுண்கடனின் கதை எங்களுக்கு ஏற்கனவே தெரியும். வடக்கில் வீட்டு வாசலுக்கு வந்து, குழுவாகப் பெண்களைச் சேர்த்து, சுயதொழிலுக்கென்று கொடுத்த கடன் எத்தனையோ குடும்பங்களை நசித்தது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன் வாங்கிய பெண்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அது போனது. கடன், தொழிலைக் கேட்காமல் தவணையைக் கேட்டது. இரக்கம், தொழிலைக் கேட்காமல் கண்ணீரைக் கேட்கிறது. அந்த அம்மாவின் ஒடியல் மா எப்படி இருக்கிறது, இன்னும் எத்தனை கிலோ வேண்டும் என்று இரண்டுமே கேட்கவில்லை.

சமூக ஊடகம் இன்னொரு விதத்திலும் நிலையில்லாத நிலம். அதில் போடும் கடை சொந்தக் காணியில் போட்ட கடையில்லை. 2018 ஜனவரியில் பேஸ்புக் பதிவுகளைக் காட்டும் ஒழுங்கை மாற்றி, நண்பர்களினதும் குடும்பத்தினரதும் பதிவுகளை முன்னால் கொண்டுவந்தது. வியாபாரப் பக்கங்கள் காசு கட்டாமல் ஆட்களைச் சென்றடைவது அதற்குப் பிறகு கடினமானது. விளம்பரக் காசின் அளவு டொலரில் நிர்ணயமாகிறது. 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியபோது, ஒடியல் மாவின் விலை அப்படி ஏறவில்லை, விளம்பரத்தின் விலை ஏறியது. அதோடு கதவை அடைக்கும் அதிகாரம் கொழும்பிலும் இருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் எழுச்சியின்போது என்று பல தடவை அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 2019இல் அது ஒரு கிழமைக்கு மேல் நீண்டது. வாங்குகிறவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திராத கடைக்கு அந்த நாட்களில் வாடிக்கையாளர் ஒருவர்கூட இருக்கவில்லை.

ஆகவே கூட்டத்திடம் என்ன கேட்பது என்பதுதான் கேள்வி. இதற்கு வழிகாட்ட எங்களிடமே ஆட்கள் இருக்கிறார்கள்.

1998 பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்குமிருந்த தமிழர் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். 2003இல் முளைத்த தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கத்தில் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், எரிந்த நூலகத்தின் சாம்பலுக்கு ஒரு தலைமுறை கொடுத்த பதில். இன்று ஈழத்து நூல்களும் இதழ்களும் பத்திரிகைகளுமாக ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் அதில் இருக்கின்றன. இவை எவையும் யாருடைய அழுகையையும் காட்டி வளரவில்லை. ‘இந்த வேலை இருக்கிறது, இப்படிச் செய்யவேண்டும், இவ்வளவு முடிந்திருக்கிறது’ என்று சொல்லிக் கேட்டார்கள். நூலகம் திட்டத்தை நடத்தும் நூலக நிறுவனம் தன் வரவுசெலவைப் பகிரங்கமாக வெளியிடுகிறது. செல்லப்பா காலத்துப் பொதுக்கூட்டம் அங்கே உயிரோடு இருக்கிறது.

தொழில் பக்கத்தில் யாழ் ஐரி ஹப் என்ற அமைப்பு 2012 முதல் நடத்திவரும் யாழ் கீக் சலெஞ்ச் போட்டியையும் இந்த வரிசையில் வைக்கலாம். வெளிநாடுகளிலும் கொழும்பிலும் இருக்கிற பொறியியலாளர்கள் இளம் குழுக்களோடு இருந்து, அவர்களின் யோசனையை உடைத்துப் பார்த்து, இது ஓடாது, இதை மாற்று என்று நேரே சொல்கிறார்கள். கூட்டத்திடமிருந்து வாங்கக்கூடியதில் மிக விலை கூடியது அந்தக் கண்டிப்புத்தான்.

அதற்கும் முன்னால், பேஸ்புக் இல்லாத காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு சவர்க்கார உற்பத்தியாளர் இருந்தார். மில்க்வைற் கனகராசா என்றால் வயது போனவர்களுக்குத் தெரியும். ‘மில்க்வைற் செய்தி’ என்று ஒரு மாத இதழ் வெளியிட்டார். க. சி. குலரத்தினம் போன்ற ஒரு அறிஞர் அதற்கு ஆசிரியராக இருந்தார். பனை விதை நாட்டுங்கள் என்று ஊரூராகச் சொன்னார். சவர்க்காரத்தின் பெயர் வாசிக்கவும் செய்யவும் கூடிய ஒரு பயனோடு வீடுகளுக்குள் போனது. ஊருக்கு ஒன்றைக் கொடுத்து ஊரின் நம்பிக்கையைச் சம்பாதித்த விளம்பரம் அது. இன்றைய விளம்பர வகுப்புகள் நாள் முழுக்கச் சொல்லும் பாடத்தை அவர் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

இவற்றை அந்த அம்மாவின் முற்றத்துக்குக் கொண்டுவந்தால் என்ன செய்யலாம் என்று நான் யோசிப்பதைச் சொல்கிறேன்.

அவருக்குக் காசு தேவைப்படுவது ஆவணியில், பாத்தி போடும்போது. சாமான் கையில் வருவது தைக்குப் பிறகு. இந்த ஐந்து மாத இடைவெளியில்தான் கடன்காரர் உள்ளே வருகிறார். ரொறன்ரோவில் ஐம்பது குடும்பம் ஆவணியிலேயே தங்களுக்கு வேண்டிய ஒடியல் மாவுக்கு முற்பணம் கட்டினால், அது பிச்சையும் ஆகாது, கடனும் ஆகாது, வியாபாரம். தை முடிந்ததும் மா வந்தாகவேண்டும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. நல்ல மா கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு. இருவரும் நிமிர்ந்து நிற்கிற உறவு இது.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களிடம் கேட்கவேண்டியது அறிவு. கனடாவில் பொதி செய்த உணவின் மேலொட்டியில் கட்டாய விபரங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்த்தூளில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கிலோவுக்குப் பத்து மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. மாரியில் சரியாகக் காயாத மிளகாய் அந்தப் பூஞ்சணத்துக்கு விருந்து. இந்த இரண்டு செய்தியும் தெரிந்த ஒருவர் பாரிஸில் இருந்து ஒரு மணித்தியாலம் வட்ஸ்அப்பில் பேசிச் சொல்லிக்கொடுப்பது, அரிசி மூட்டையோடு வரும் கமராவைவிடப் பெறுமதியானது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு உலர்த்தி வாங்குவதற்கும், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவதற்கும், ஒரே மேலொட்டியின் கீழ் விற்பதற்கும் வழிகாட்டக் கூட்டுறவுச் சங்கங்களும் 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையும் எங்களிடம் இருக்கின்றன. அவற்றை வேலை செய்ய வைப்பதற்கும் கூட்டத்தின் குரல் வேண்டும்.

விற்கிறவர் பக்கத்திலும் கடமை இருக்கிறது. காட்டவேண்டியது வேலையை. பாயில் ஒடியல் காய்கிறது, இன்றைக்கு மழை, அதனால் இரண்டு நாள் பிந்தும் என்று உண்மையைச் சொல்லும் ஒரு சின்னக் காணொளி, ஆயிரம் லைக்கைவிட நம்பிக்கையைக் கூட்டும். குறை சொல்லி எழுதியவரின் பதிவை அழிக்காமல் பதில் சொல்லவேண்டும். முற்பணம் எவ்வளவு வந்தது, எத்தனை பேருக்கு அனுப்பியாயிற்று, யாருக்கு இன்னும் அனுப்பவேண்டும் என்று மாதம் ஒருமுறை எழுதவேண்டும். வாங்குகிறவர்களின் இலக்கங்கள் சொந்தக் கொப்பியில் இருக்கவேண்டும்.

கொடுக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. அடுத்தமுறை ஒரு காணொளியைப் பார்த்து மனம் இளகும்போது காசு அனுப்புங்கள்; ஆனால் அனுப்புமுன் திரட்டியவரிடம் கணக்கைக் கேளுங்கள். முகத்தை மறைத்து உதவ முடியுமா என்று கேளுங்கள். பிறகு அந்த வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு, அதில் இரண்டு கிலோ வாங்குங்கள். நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லையென்று சொல்லுங்கள். ஒரு மனுசியை உற்பத்தியாளராக மதிப்பதென்றால் அவரிடம் குறை சொல்ல முடியவேண்டும். போரும் இடப்பெயர்வும் பொருளாதார நெருக்கடியும் எங்களிடமிருந்து பறித்தவை பல. கணக்குக் கேட்கும் பழக்கத்தை எவரும் பறிக்கவில்லை. அதை நாங்களாகத்தான் கைவிட்டோம். மீண்டும் எடுத்துக்கொள்ள எவருடைய அனுமதியும் தேவையில்லை.